டிக்காஷன் நிறத்தில் மீன் தொட்டி: பாதாம் இலை செய்வதும் செய்யாததும்

பெங்களூர் அல்சூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் வீட்டில் 20 லிட்டர் தொட்டியில் ஒரு ஃபைட்டர் மீன் இருக்கிறது. கடைக்காரர் சொன்னபடி காய்ந்த பாதாம் இலை இரண்டைப் போட்டிருக்கிறார்; மூன்றே நாளில் தண்ணீர் டீ டிக்காஷன் போல ஆகிவிட்டது. தண்ணீர் அழுகிவிட்டது, கொட்டிவிடு என்கிறார் மாமியார். தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) மட்டும் குறையாமல் 8-லேயே நிற்கிறது. அதைக் குறைக்க இலைச்சாறு பாட்டில் ஒன்றும் பி.எச். குறைக்கும் சொட்டு மருந்து ஒன்றும் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா, குடியிருப்பு வளாகத்தில் நிற்கும் பாதாம் மரத்தின் இலையையே எடுத்துக்கொள்ளலாமா என்பது அவர் கேள்வி.

முதலில் மாமியாரின் கவலையைத் தீர்த்துவிடுவோம். தண்ணீர் அழுகவில்லை. அழுகிய தண்ணீர் பால் கலந்தது போலக் கலங்கும், மூடியைத் திறந்ததும் நாறும். உங்கள் தொட்டியில் நிறம் இருந்தும் பின்பக்கச் சுவர் தெளிவாகத் தெரிகிறது என்றால், அது இலையிலிருந்து இறங்கிய டானின் என்னும் துவர்ப்புப் பொருளின் நிறம்தான். வாழைக்காய் நறுக்கிய கையில் ஏறும் கறைக்கும் தேநீரின் நிறத்துக்கும் காரணமான அதே வகைப் பொருள். சில நாளில் இலையின் மேல் வழவழப்பான வெண்படலம் படரும். அதுவும் கேடில்லை. ஆனால் 20 லிட்டருக்கு இரண்டு இலை அதிகம். உள்ளங்கை அகல இலையில் பாதி போதும். இலை மட்கும்போது தண்ணீரிலுள்ள உயிர்வளியைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும் என்பதால், சிறிய தொட்டியில் கைப்பிடியாக அள்ளிப் போடுவது நல்லதல்ல. ஒன்றரை இலையை இன்றே எடுத்துவிடுங்கள்.

ஃபைட்டர் மீன் தாய்லாந்துப் பக்கத்துச் சதுப்புகளிலும் நெல்வயல்களிலும் வாழும் இனம். இலைதழை ஊறிய மங்கலான நீர் அதற்குப் பழக்கமானது. வெளிச்சம் தணிந்தால் மிரட்சியும் குறைகிறது. இலையின் சாறு சில பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுப்பது ஆய்வகங்களில் காணப்பட்டிருக்கிறது. ஆனால் ஆய்வகத்தில் எடுக்கும் அடர்ந்த சாறு வேறு, தொட்டியில் ஊறும் அரை இலை வேறு. வயிறு வீங்கிச் செதில்கள் விரிந்து நிற்கும் மீனை இலை போட்டுக் குணமாக்கலாம் என்று சொல்பவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

இப்போது பி.எச். விஷயத்துக்கு வருவோம். இலை அமிலத்தைத் தருகிறது என்பது உண்மை. ஆனால் உங்கள் தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து அந்த அமிலத்தை வந்த வேகத்தில் விழுங்கிவிடுகிறது. வாளியின் உள்விளிம்பிலும் கெய்சர் குழாயிலும் வெள்ளைப் படிவு கட்டுகிறதா என்று பாருங்கள். கட்டினால் அரை இலையல்ல, பத்து இலை போட்டாலும் நிறம் ஏறுமே தவிர பி.எச். அசையாது. பெங்களூரில் பல குடியிருப்புகளில் காவிரித் தண்ணீரும் போர்வெல் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் ஒரே சம்பில் கலக்கின்றன. காவிரி வரும் நாளில் ஓரளவு மென்மையாக இருப்பது, டேங்கர் வந்த நாளில் சுண்ணாம்பு மிகுந்து கடினமாகிவிடும். எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று டேங்கர்காரர் சொல்வதில்லை, கேட்டாலும் சோதனைச் சீட்டு கிடைப்பதில்லை. மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் வாங்கும் குடியிருப்போர் சங்கங்களும் அதைக் கேட்டு வாங்கி ஒட்டுவதில்லை. தங்கள் வீட்டுக் குழாயில் இன்று என்ன தண்ணீர் வருகிறது என்று தெரியாமலேயே இந்த ஊரில் இத்தனை பேர் மீன் வளர்க்க வேண்டியிருப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

அந்த அறியாமையின் மேல்தான் பாட்டில் வியாபாரம் நடக்கிறது. இலைச்சாறு பாட்டிலில் பெரும்பாலும் நீங்கள் அரை இலையில் பெறுவதே இருக்கிறது. எவ்வளவு சாறு, வேறு என்ன கலந்தது என்று மேலே எழுதியிருப்பது அரிது. பி.எச். குறைக்கும் சொட்டு இன்னும் மோசம். அது நேரடி அமிலம். கடினத் தண்ணீரில் விட்டவுடன் பி.எச். சரிந்து, மறுநாள் காலைக்குள் பழைய இடத்துக்கே ஏறிவிடும். நீங்கள் மறுபடி விடுவீர்கள், அது மறுபடி ஏறும். நிலையான 8-ல் ஃபைட்டர் மீன் பழகி வாழ்ந்துவிடும். தினமும் ஏறி இறங்கும் தண்ணீரில் அது நலியும். என்னிடம் நோயென்று கொண்டுவரப்படும் மீன்களில் பலவற்றுக்கு நோயே இல்லை, சொட்டுத்தான் காரணம். மீன் தொட்டிக் கடைகளுக்கென்று 2017-ல் மத்திய அரசு தனி விதிகளை வெளியிட்டு, எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த விதிகளில் குறைகள் இருந்தன. ஆனால் குறைகளைத் திருத்துவதற்குப் பதில் கைவிட்டதால், வாங்குபவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டு பாட்டிலும் வேண்டாம்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த ஊரில் அது வீட்டுக்கு வீடு இருக்கிறது. சமையலறை ஆர்.ஓ. இயந்திரத்துத் தண்ணீரை மட்டும் தொட்டியில் ஊற்றுபவர்களுக்கு நான் மேலே சொன்னது தலைகீழாகும். அந்தத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அநேகமாக இல்லை, எனவே இலையின் அமிலத்தை விழுங்க எதுவுமில்லை, பி.எச். நாளுக்கு நாள் இறங்கி 6-க்கும் கீழே போகலாம். அங்கே மீனின் கழிவைச் செரிக்கும் நல்ல பாக்டீரியாக்கள் மந்தமாகி, அம்மோனியா தொட்டியில் சேரத் தொடங்கும். அமிலத் தண்ணீரில் அம்மோனியா அவ்வளவு நஞ்சாக இராது என்பதால் மீனும் சாதாரணமாகவே நீந்தும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தொட்டியைச் சுத்தம் செய்து குழாய்த் தண்ணீரை நிறைய ஊற்றுகிறீர்கள், பி.எச். சட்டென்று ஏறுகிறது, சேர்ந்திருந்த அம்மோனியா கொடிய வடிவத்துக்கு மாறி, மாலைக்குள் மீன் மிதக்கிறது. பழி குழாய்த் தண்ணீர் மேல் விழுகிறது. ஆர்.ஓ. தண்ணீர் பயன்படுத்துவதானால் ஒரு பங்குக்கு ஒரு பங்கு குழாய்த் தண்ணீரைக் குளோரின் நீக்கிக் கலந்துகொள்ளுங்கள், எப்போதும் ஒரே அளவில் கலந்துகொள்ளுங்கள், வாரம் ஒருமுறை பி.எச். பாருங்கள். இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீர் குழாய்த் தண்ணீரைவிடக் கடினமானது. வீணாகிறதே என்று அதைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

வளாகத்து மர இலையைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், மரம் சரியானதாக இருந்தால். நாம் பாதாம் மரம் என்பது நாட்டு வாதுமை. அடுக்கடுக்காகக் கிளை விரித்து, உதிர்வதற்கு முன் இலை செம்மையாகும் அந்த மரம்தான், தின்னும் பாதாம் பருப்பு வேறு. கீழே விழுந்து பழுப்பாகிக் காய்ந்த இலையை மட்டும் எடுங்கள். பச்சை இலையையும் பாதி மஞ்சள் இலையையும் விடுங்கள். தெருவெங்கும் நிற்கும் புங்கையின் இலை வேண்டவே வேண்டாம். புங்க விதையை இடித்து நீரில் கலந்து மீன் பிடிக்கும் வழக்கம் இருந்ததை நினைவில் கொள்ளுங்கள். அரளி இருக்கும் பக்கத்திலும் பொறுக்காதீர்கள்.

இதைவிட முக்கியமான கேள்வி, அந்த மரத்தின் கீழ் மருந்து அடித்தார்களா என்பது. கொசுவுக்கும் பூச்சிக்கும் அடிக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மனிதருக்குச் சிறிதளவே கேடு செய்யும் அளவில்கூட மீனைக் கொன்றுவிடும். இலையில் ஒட்டியதைக் கழுவி முழுதாக நீக்க முடியாது. எந்த நாளில் என்ன மருந்து அடித்தோம் என்று அறிவிப்பு ஒட்டும் சங்கத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. தோட்டக்காரரிடம் நேரில் கேளுங்கள். ஒரு மாதத்துக்குள் அடித்திருந்தால் அந்த இலையை விட்டுவிடுங்கள். கார் நிறுத்தும் இடத்தில் எண்ணெய் பட்டுக் கிடப்பதும் ஆகாது. நல்ல இலை கிடைத்தால் சோப்பு போடாமல் அலசி, நொறுங்கும் வரை உலர்த்தி, காகிதப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். போடும் முன் கொதிநீரை ஊற்றி ஆறவிட்டால் இலை மூழ்கும், பூச்சியும் போகும். மூன்று நான்கு வாரத்தில் நரம்பு மட்டும் மிஞ்சும்போது மாற்றினால் போதும். மரம் கிடைக்காதவர்கள் வாங்கும்போது பளபளப்பான உறைக்கும் வெளிநாட்டுப் படத்துக்கும் விலை கொடுக்க வேண்டியதில்லை. உள்ளே இருப்பது இதே இலைதான்.

டிசம்பர், ஜனவரியில் மீன் சுருண்டு அடியிலேயே கிடந்தால் இலையைக் குற்றம் சொல்வதற்கு முன் வெப்பமானியைப் பாருங்கள். இந்த மீனுக்கு 24 முதல் 28 டிகிரி வேண்டும். இங்கே குளிர்காலத்தில் தொட்டி அதற்குக் கீழே போகிறது. பாட்டிலுக்கு வைத்திருந்த பணத்தில் 25 வாட் ஹீட்டர் வாங்கலாம்.

நிறத்தையே மாமியார் ஏற்கவில்லை என்றால், ஃபில்டரில் செயலூட்டப்பட்ட கார்பன் போட்டால் சில நாளில் தண்ணீர் வெளுத்துவிடும். இலை தந்ததில் பெரும்பகுதியும் அதோடு போய்விடும் என்பதை மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.