பிளஸ் டூ முடித்தவர் பிரதேச ராணுவத்தில் சேரலாமா?

கேள்வி: மகனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. பிளஸ் டூ தேறியிருக்கிறான், வேறு வேலை இல்லை. டெரிடோரியல் ஆர்மி எனும் பிரதேச ராணுவத்தில் சேர்த்துவிடலாமா?

பதில்: தகுதி இருக்கிறது. வயது 18 முதல் 42 வரை. 'ஜெனரல் டியூட்டி' எனும் சாதாரணப் படைவீரர் பணிக்குப் பத்தாம் வகுப்பே போதும். மொத்தத்தில் 45 சதவீதம், பாடத்துக்கு 33 சதவீதம். எழுத்தர் பணிக்குத்தான் பிளஸ் டூவில் 60 சதவீதம் கேட்பார்கள்.

ஆனால், "வேறு வேலை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான். பிழைப்புக்கு ஒரு தொழில் வைத்திருப்பவர் ஆண்டில் சில வாரங்கள் சீருடை அணிவதற்காக உண்டான படை இது. 1949 அக்டோபரில் கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி தொடங்கிவைத்த நாளிலிருந்து அதுதான் ஏற்பாடு. பயிற்சிக்கும் பணிக்கும் அழைக்கும் நாட்களுக்கு மட்டுமே சம்பளம். சிலரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பணியில் வைத்திருப்பதும் உண்டு. அதைப் பார்த்துவிட்டு இதை நிரந்தர உத்தியோகம் என்று நினைப்பவர்கள் நிறைய. அழைப்பு வராத மாதங்களில் வீட்டில் அடுப்பெரிய வேண்டாமா? முதலில் பையனை ஒரு தொழில் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். 42 வயது வரை கதவு திறந்தேதான் இருக்கும்.

கேள்வி: கோவை ஆள்சேர்ப்பு முகாமில் ஓடி முடித்தேன். மார்பளவில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன்?

பதில்: 77 செ.மீ. இருக்க வேண்டும், மூச்சை இழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரிய வேண்டும். நாடா உடம்பில் பட்டதுமே பல பையன்கள் பதற்றத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். முதல் அளவே 80-ல் நின்றுவிடும், அதற்குமேல் எதை விரிப்பது? மூச்சை முழுதாக வெளியே விட்டு நில்லுங்கள். வீட்டில் தையல்காரர் நாடாவை வைத்துத் தினமும் பழகினால் போதும். 1.6 கி.மீ. ஓட்டத்தைவிட 9 அடிப் பள்ளம் தாண்டுவதில்தான் கால் பிசகும், அதையும் பழகுங்கள்.

கேள்வி: தனியார் கம்பெனியில் இருக்கிறேன். பயிற்சிக்குப் போனால் வேலை போய்விடுமா?

பதில்: ராணுவப் பணிக்கு அழைக்கப்பட்டுத் திரும்புகிறவரை மீண்டும் வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 1948-ம் ஆண்டுப் பிரதேச ராணுவச் சட்டம். ஆனாலும் மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சட்டப் பிரிவைக் காட்டி விடுப்பு வாங்கும் ஊழியரை எந்த மேலாளருக்கும் பிடிக்காது.

கேள்வி: தோனியைப் போல நேரடியாக அதிகாரி ஆக முடியுமா?

பதில்: 2011-ல் அவருக்குக் கிடைத்த லெப்டினன்ட் கர்னல் பதவி கௌரவப் பதவி. மற்றவர்களுக்குப் பட்டப்படிப்பு, சொந்த வருமானம், எழுத்துத் தேர்வு, நேர்முகம் எல்லாம் உண்டு. கல்லூரியை முடித்துவிட்டுத் தேர்வு எழுதுங்கள்.

கேள்வி: ஒருவர் பணம் கொடுத்தால் இடம் உறுதி என்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழ்களை அவரிடம் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய்த் திரும்ப வாங்குங்கள். அசல் இல்லாமல் போனால் முகாமில் ஓடி ஜெயித்தும் பயனில்லை.