சரிவு நிலத்தில் கூடைப்பந்து தளம்

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் 40 அடி நீளம், 30 அடி அகலத்தில் இடம் இருக்கிறது. மேல்பக்கத்தை வெட்டிக் கீழ்ப்பக்கம் நிரப்பியிருக்கிறோம். பிள்ளைகளுக்கு அரைத் தளம் போடலாமா?
– ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: தாராளமாகப் போடலாம். ஆனால் விரிசல் விடுவது வெட்டிய மண்ணும் நிரப்பிய மண்ணும் சேரும் கோட்டில்தான். நிரப்பிய மண் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அதைத் தோண்டி, 6 அங்குல அடுக்காகத் தண்ணீர் தெளித்து, மறுபடி இடித்துக் கெட்டியாக்குங்கள். அந்தக் கோட்டின்மேலேயே ஒரு இணைப்பு வெட்டும் (விரிசல் கண்டபடி ஓடாமலிருக்கக் கான்கிரீட்டில் கீறும் கோடு) வரட்டும்.

4 அங்குலக் கான்கிரீட்டுக்கு 400 கன அடி. 1:1½:3 கலவையில் (சிமெண்ட், மணல், ஜல்லி) சுமார் 90 மூட்டை சிமெண்ட் பிடிக்கும். 10 அடிக்கு ஒரு வெட்டு, 1 அங்குல ஆழம், போட்ட ஒரு நாளுக்குள். நூறுக்கு ஒன்று வாட்டம் பக்கவாட்டில் கொடுங்கள். மேட்டுப் பக்கம் ஓடை கட்டாயம். கொத்தனார் கண்ணாடி மாதிரி இழைத்துக் கொடுக்கத்தான் பார்ப்பார்; விடாதீர்கள். பனியில் பாசி பிடித்தால் கால் வழுக்கும். ஈரம் காயுமுன் துடைப்பத்தால் ஒரு இழுப்பு போதும்.

கம்பத்தை வெட்டிய பக்கம் நடுங்கள். வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர். பலகையின் முகப்பிலிருந்து தூக்குநூல் விட்டு 4.6 மீட்டர் அளந்தால் ஃப்ரீ த்ரோ கோடு (தவறுக்குக் கிடைக்கும் தடையில்லா எறிதலுக்கு நிற்கும் கோடு). மூன்று புள்ளி வளைவின் (அதற்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி) ஓரங்கள் 30 அடிக்குள் அடங்காது, போகட்டும். பெயின்ட் மட்டும் 28 நாள் கழித்து, வெயில் காலத்தில்.