கப்பல் நிற்கும் 12 மணி நேரத்தில் ரோம்: ரயிலில் நாமே போய்வரலாமா?

கேள்வி: வரும் ஜூனில் நானும் மனைவியும் கல்லூரியில் படிக்கும் மகளும் மத்தியதரைக் கடலில் கப்பல் சுற்றுலா போகிறோம். ஒரு நாள் காலை 7 மணிக்கு ரோம் துறைமுகத்துக்கு வந்து, மாலை 7 மணிக்குக் கப்பல் புறப்படுகிறது. கப்பல் நிறுவனம் நடத்தும் ரோம் சுற்றுலாவுக்கு மூன்று பேருக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கிறது. ரயிலில் நாங்களே போய்வரலாமா? நேரத்துக்குத் திரும்பாவிட்டால் கப்பல் விட்டுவிட்டுப் போய்விடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். கொலோசியம், வாடிகன், டிரெவி நீரூற்று மூன்றையும் பார்க்க வேண்டும் என்பது மகளின் ஆசை. எனக்கு 61 வயது. நன்றாக நடப்பேன், ஓட முடியாது. – திருச்சி வாசகர்

பதில்:

தாராளமாகப் போய்வரலாம். உறவினர்கள் சொல்வதும் உண்மைதான். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்கும், தனியாகப் போனவர்களுக்காகக் காத்திருக்காது. அதனால் இந்த நாளைக் காலையிலிருந்து திட்டமிடாதீர்கள். மாலையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். பல வருடங்களாகக் கப்பல் பயணிகளுக்கு வழி சொல்லி வருகிறேன். தவறிப்போனவர்கள் என்று எனக்குத் தெரிந்த எல்லோருமே "முதலில் பார்த்துவிடுவோம், அப்புறம் ரயில் பார்க்கலாம்" என்று கிளம்பியவர்கள்.

முதலில் ஒரு விஷயம். ரோம் கடற்கரையில் இல்லை. உங்கள் கப்பல் நிற்கப்போவது சிவிதாவெக்கியா என்ற ஊரில். டிராஜன் என்ற ரோமானியப் பேரரசர் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் கட்டிய துறைமுகம் அது. ரோம் நகரம் அங்கிருந்து 70 கிலோமீட்டருக்கும் மேல். ஆக, போக வர மட்டுமே உங்கள் 12 மணி நேரத்தில் நான்கு, நாலரை மணி நேரம் கழிந்துவிடும்.

மாலைக் கணக்கு இது. கப்பல் 7 மணிக்குப் புறப்படும் என்றால் எல்லோரும் 6 அல்லது 6.30-க்குள் கப்பலில் இருக்க வேண்டும். சரியான நேரம் முதல் நாள் இரவு அறைக்கு வரும் நிகழ்ச்சி நிரலில் அச்சாகியிருக்கும். 6 என்றே வைத்துக்கொள்வோம். துறைமுக வாசலிலிருந்து கப்பலுக்கு ஷட்டில் பஸ், அதற்கு முன் ரயில் நிலையத்திலிருந்து துறைமுக வாசல் வரை நடை, இரண்டுக்கும் சேர்த்து முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். சிவிதாவெக்கியா நிலையத்தில் 4.30 வாக்கில் இறங்குகிற ரயிலே உங்கள் ரயில். அது ரோமின் சான் பியெத்ரோ நிலையத்தில் 3.40 அளவில் கிளம்பியிருக்கும். அதைத் தவறவிட்டாலும் பின்னால் வரும் இரண்டு ரயில்கள் உங்களைக் காப்பாற்றும். இந்த இரண்டு ரயில் இடைவெளியை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒருமுறை ஒன்பது பேரோடு திரும்பும்போது, லாதிஸ்போலி தாண்டி வயல்வெளியில் ரயில் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டது. என்ன காரணம் என்று யாரும் சொல்லவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு உள்ளங்கை வேர்த்து, கையிலிருந்த டிக்கெட் நனைந்தே போனது. கையிருப்பாக வைத்திருந்த நேரத்தால்தான் அன்று எல்லோரும் கப்பல் ஏறினோம்.

இனி காலை. 7-க்குக் கப்பல் கட்டினாலும், அதிகாரிகள் அனுமதி கொடுத்து இறங்க 7.30, 7.45 ஆகிவிடும். துறைமுகத்துக்குள் கப்பல் நிற்கும் இடத்திலிருந்து நடக்க விட மாட்டார்கள். இலவச ஷட்டில் பஸ் உங்களை லார்கோ டெல்லா பாச்சே என்ற நிறுத்தத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து ரயில் நிலையம் 15, 20 நிமிட நடை. கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு கடற்கரைச் சாலையிலேயே போனால் வழி தவறாது. பழைய கோட்டை ஒன்று வரும், அதற்கு மைக்கேலாஞ்சலோ கோட்டை என்று பெயர். நடக்க வேண்டாமென்றால் சில யூரோ கொடுத்து உள்ளூர் பஸ்ஸில் போகலாம்.

நிலையத்தில் 'பிர்க்' என்று கேட்டு வாங்குங்கள். ஒரு நாள் டிக்கெட் அது. ஒருவருக்கு 12 யூரோ அளவில் இருக்கும். போகவர சாதாரண ரயில், ரோமில் மெட்ரோ, பஸ் எல்லாம் அதிலேயே அடங்கும். டிக்கெட்டின் மேல் பேனாவால் பெயரும் பிறந்த தேதியும் எழுதி, பிளாட்பாரத்துக்குப் போகும் வழியில் உள்ள சிறிய இயந்திரத்தில் செருகி முத்திரை குத்திக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத டிக்கெட் டிக்கெட்டே இல்லை, அபராதம் நிச்சயம். 'இன்டர்சிட்டி', 'ஃபிரெச்சா' என்று பெயர் போட்ட வேக ரயில்களில் இது செல்லாது.

பெரும்பாலானோர் செய்யும் தவறு, கடைசி நிலையமான டெர்மினி வரை போவது. கொலோசியத்துக்குப் போக ஓஸ்தியென்சே நிலையத்தில் இறங்குங்கள். சுரங்கப்பாதையில் நடந்தால் பிராமிதே மெட்ரோ நிலையம் வரும். பி லைனில் இரண்டாவது நிறுத்தம் கொலோசியோ. வெளியே வந்ததும் எதிரில் கொலோசியம் நிற்கும். திரும்பும்போது ஓஸ்தியென்சேக்குப் போக வேண்டாம், வாடிகன் பக்கத்திலுள்ள சான் பியெத்ரோவில் ஏறுங்கள். நகரத்தின் ஒரு முனையில் இறங்கி, குறுக்கே நடந்து, மறுமுனையில் ஏறுவதுதான் என் திட்டம். வந்த வழியே திரும்பும் நேரம் மிச்சம்.

மகளின் ஆசையைப் பற்றி. மூன்றையும் பார்க்கலாம். ஆனால் வாடிகன் என்றால் அருங்காட்சியகமும் சிஸ்டைன் சேப்பலும் என்று அவர் நினைத்திருந்தால், கொலோசியத்தை விட்டுவிட வேண்டும். அருங்காட்சியகத்துக்கு மட்டும் மூன்று மணி நேரம் தேவை. இரண்டையும் ஒரே நாளில் திணித்தவர்கள் இரண்டையும் சரியாகப் பார்க்கவில்லை. மாதக் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் அருங்காட்சியகம் மூடியிருக்கும் என்பதால், நீங்கள் போகும் நாள் என்ன கிழமை என்று இன்றே பாருங்கள். முதல்முறை போகிறவர்களுக்கு என் தேர்வு கொலோசியம்தான்.

கொலோசியம் டிக்கெட்டை அதிகாரப்பூர்வ இணையதளத்தில் முன்கூட்டியே வாங்குங்கள். குறித்த நேர டிக்கெட் அது. அதில் பெயர் இருக்கும், வாசலில் அடையாளச் சான்று கேட்பார்கள். 10.30-க்கு எடுங்கள். 9 மணிக்கு எடுத்துவிட்டு ரயிலில் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே டிக்கெட்டில், பழைய ரோமின் இடிபாடுகள் நிற்கும் பக்கத்து ரோமன் ஃபோரத்துக்குள்ளும் போகலாம். உள்ளே மாக்சென்டியஸ் பசிலிக்கா என்ற பிரம்மாண்டமான மூன்று வளைவுகள் நிற்கும் இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். அதற்கு அடியில் இருந்தது மிளகுக் கிடங்கு. முதலாம் நூற்றாண்டில் டொமிஷியன் பேரரசர் கட்டியது. முசிறியில் கப்பல் ஏறிய சேர நாட்டு மிளகு அலெக்சாந்திரியா வழியாக ரோமுக்கு வந்து சேர்ந்த காலம் அது. நம்மூர்க்காரர் அங்கே போய் நிற்கும்போது இது தெரிந்திருக்க வேண்டும் என்று எப்போதும் நினைப்பேன்.

12.30-க்கு ஃபோரத்தை விட்டு வெளியே வந்து, வெனெசியா சதுக்கம் வழியாக டிரெவிக்கு நடங்கள். டிரெவியில் கூட்டம் அதிகம், பத்து நிமிடம் போதும். அடுத்து பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயில். 2023 ஜூலை முதல் இதற்குக் கட்டணம் உண்டு. கட்டாயம் உள்ளே போங்கள். 43 மீட்டர் அகலக் குவிமாடம், உச்சியில் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும் வட்டம். அதற்குக் கண்ணாடி கிடையாது, மழை பெய்தால் உள்ளேயே பெய்யும். அண்ணாந்து பார்த்து முடித்ததும் குனிந்து தரையையும் பாருங்கள். பளிங்குக் கல்லில் சின்னச் சின்னத் துளைகள் தெரியும். விழும் மழைநீர் அவற்றின் வழியாக இறங்கிப் போகிறது. தரை நடுவில் லேசாக மேடாகவும் இருக்கும்.

அங்கிருந்து நவோனா சதுக்கம், பிறகு சான்ட் ஏஞ்சலோ பாலம், அப்புறம் புனித பேதுரு சதுக்கம். கொலோசியத்திலிருந்து சான் பியெத்ரோ நிலையம் வரை மொத்தம் 6 கிலோமீட்டர் வரும். கால் வலித்தால் நவோனாவுக்குப் பக்கத்துப் பெரிய சாலையில் 64-ஆம் நம்பர் பஸ் ஏறுங்கள், சான் பியெத்ரோ நிலையத்துக்கே போகும். பிக்பாக்கெட்டுக்குப் பேர் போன பஸ் அது. பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், போன் பேன்ட் பின்பாக்கெட்டில் வேண்டாம்.

பேதுரு ஆலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை. ஆனால் பாதுகாப்புச் சோதனை வரிசை நீளமாக இருக்கும். வரிசை சதுக்கத்தைச் சுற்றித் தூண்கள் வரை வளைந்திருந்தால் ஆசைப்படாதீர்கள், ரயில் போய்விடும். அன்று உள்ளே போயே ஆக வேண்டுமென்றால் காலையில் ஃபோரத்தை விட்டுவிட்டு முக்கால் மணி நேரம் மிச்சம் பிடியுங்கள். வெளியிலேயே ஓர் அதிசயம் இருக்கிறது, அதற்கு வரிசை இல்லை. சதுக்கத்தைச் சுற்றி பெர்னினி என்ற சிற்பி நான்கு வரிசையாகத் தூண்கள் நிறுத்தியிருக்கிறார். நடுவிலுள்ள தூபிக்கும் நீரூற்றுகளுக்கும் இடையில் தரையில் ஒரு வட்டக்கல் பதித்திருக்கும். அதன் மேல் நின்று தூண்களைப் பாருங்கள். நான்கு வரிசையும் ஒன்றன் பின் ஒன்று மறைந்து ஒரே வரிசையாகிவிடும். ஓர் அடி நகர்ந்தால் பின்னாலிருக்கும் தூண்கள் எட்டிப் பார்க்கும்.

தேவாலயங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சேலை, சுடிதாருக்கு அங்கே பிரச்சினையே இல்லை. ஆனால் தெருவெல்லாம் கருங்கல் பாவியது, செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். ஜூன் மதிய வெயில் சுள்ளென்று அடிக்கும். தண்ணீருக்குக் காசு செலவழிக்க வேண்டாம். தெருமுனைகளில் வளைந்த குழாயோடு ஓர் இரும்புத் தூண் நிற்கும், 'நசோனே' என்பார்கள். குடிநீர்தான், ஜில்லென்று வரும். குழாய் வாயை விரலால் அடைத்தால், மேலே உள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும், குனியாமல் குடிக்கலாம். சாப்பாட்டுக்கு, துண்டு போட்டு எடைக்கு விற்கும் பீட்சா. சைவம் என்றால் 'சுப்லி' என்ற சோற்று உருண்டையை வாங்குமுன் கேளுங்கள், பெரும்பாலும் இறைச்சி சேர்த்திருப்பார்கள். மேஜையில் உட்கார்ந்து சாப்பிடும் ஹோட்டல் இன்றைக்கு வேண்டாம். பில் வரவே அரை மணி ஆகும்.

போகக் கூடாத நாளும் உண்டு. இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி நடக்கும். முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், 'ஷோப்பெரோ' என்ற சொல்லோடு தேதியைத் தேடிப் பாருங்கள். வேலைநிறுத்த நாளிலும் வாரநாள்களில் காலை 6 முதல் 9 வரை, மாலை 6 முதல் 9 வரை குறிப்பிட்ட ரயில்கள் ஓடும். காலை ரயிலை நம்பிப் போய்விடாதீர்கள். மாலை 6 மணிக்கு மேல் ஓடும் ரயில் உங்களுக்கு உதவாது. அன்று கப்பல் நிறுவனத்தின் 'பஸ் மட்டும்' டிக்கெட்டை எடுங்கள். ரோமில் இறக்கிவிட்டு, மாலை அதே இடத்தில் ஏற்றிக்கொள்வார்கள். வழிகாட்டி கிடையாது, அதனால் விலை குறைவு. பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். ரயில் பயம் தீராவிட்டால் சாதாரண நாளிலும் இதை எடுக்கலாம், அதில் தவறே இல்லை.

நிகழ்ச்சி நிரலில் துறைமுக முகவரின் போன் நம்பர் இருக்கும். இறங்குமுன் அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் போய்விட்டால் முதலில் அழைக்க வேண்டியது அவரைத்தான். பாஸ்போர்ட் உங்களிடம் இருந்தால், இடுப்புப் பையில் அசலையே எடுத்துப்போங்கள், விசா அதில்தான் இருக்கிறது. கப்பலில் வாங்கி வைத்திருந்தால் நகல் போதும். அடுத்த துறைமுகம் லிவோர்னோ என்றால் அதே ரயில் பாதை, நேப்பிள்ஸ் என்றால் டெர்மினியிலிருந்து வேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். இன்னொன்று: உங்கள் பயணத்தில் நடுவே துனிசியாவோ துருக்கியோ வந்தால், ஐரோப்பிய நாடுகளுக்கான உங்கள் ஷெங்கன் விசா பலமுறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும். இப்போதே சரிபாருங்கள்.

திரும்பும் ரயிலில் ஒரு குழப்பம் வரும். சான் பியெத்ரோ நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் சிவிதாவெக்கியா என்று பல நேரம் இருக்காது. ரயில் கடைசியாகப் போய்ச்சேரும் ஊரை மட்டும்தான் போடுவார்கள். பீசா, குரோசெட்டோ என்று போட்ட ரயில்களும் சிவிதாவெக்கியா வழியாகத்தான் போகின்றன. ஏறுமுன் வழியில் நிற்கும் ஊர்களின் பட்டியலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். 'பினாரியோ' என்றால் பிளாட்பாரம், 'ரிதார்தோ' என்றால் தாமதம். டெர்மினியிலேயே நிறைந்து வரும் ரயில் அது, நிற்க வேண்டியிருக்கலாம். இடம் கிடைத்தால் இடப்பக்கம் உட்காருங்கள், கடல் தெரியும். சாந்தா மரினெல்லா என்று நிலையம் வந்ததும் எழுந்து கதவுப் பக்கம் வந்துவிடுங்கள், அடுத்தது சிவிதாவெக்கியா.