கண்புரை அறுவைக்கு நகையை அடகு வைக்க வேண்டுமா?

கேள்வி: பாப்பிரெட்டிப்பட்டி அருகே வசிக்கிறோம். புளி தட்டும் வேலைக்குச் செல்லும் என் தாயாருக்கு வயது 63. இரு கண்களிலும் புரை முற்றிவிட்டது, கண் ஒன்றுக்கு 40,000 ரூபாய் ஆகும் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் கூறினர். கொட்டை எது, சதை எது என்று விரலால் தடவித்தான் பார்க்கிறார். நகையை அடகு வைப்பதா, அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடுவதா?

பதில்: இரண்டும் வேண்டாம். 1976இல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் கீழ், கண்புரை அறுவை சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் லென்ஸ் உட்படக் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவுக்குத் தாயாரை அழைத்துச் செல்லுங்கள்.

இலவச லென்ஸ் மட்டமானதாக இருக்குமோ என்ற ஐயம் பலருக்கும் உண்டு. மங்கிப்போன இயற்கை லென்ஸை அகற்றிச் செயற்கை லென்ஸைப் பொருத்துவதால்தான் பார்வை தெளிகிறது. விலை உயர்ந்த லென்ஸ்கள் சில, அதற்கு மேல் கண்ணாடியின் தேவையைக் குறைக்கின்றன, அவ்வளவே. சாதாரண லென்ஸிலும் தூரப் பார்வை நன்றாக இருக்கும். புளியில் கொட்டை எடுக்க மட்டும் ஒரு கண்ணாடி வேண்டியிருக்கும். (வெளிநாட்டிலிருந்து வந்த காலத்தில் லென்ஸ் உண்மையிலேயே எட்டாக்கனிதான், மதுரையில் ஆரோலேப் என்ற நிறுவனம் 1992இல் தயாரிக்கத் தொடங்கிய பின் விலை வெகுவாக இறங்கியது.)

தள்ளிப்போடுவதுதான் எனக்குக் கவலை தருகிறது. முற்றிய புரையில் லென்ஸ் உப்பி, கண்ணின் நீர் அழுத்தத்தை உயர்த்திப் பார்வை நரம்பைக் கெடுத்துவிடக்கூடும். அவ்வாறு இழந்த பார்வை திரும்பாது. கண் சிவந்து, கடும் வலியோ வாந்தியோ வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சிகிச்சை இலவசம் என்றாலும் கையில் கொஞ்சம் பணம் வேண்டும். துணைக்கு வருபவரின் கூலி இழப்பு, மறுபரிசோதனைகளுக்கான பேருந்துச் செலவு, பின்னர் வாங்கும் கண்ணாடி ஆகியவற்றுக்கு ஒதுக்கி வையுங்கள். சில வாரங்களுக்குச் சொட்டு மருந்தைத் தவறாமல் விட வேண்டும். மருத்துவர் அனுமதிக்கும் வரை தலைக்குக் குளிப்பதும், புளித்தூசியும் விறகடுப்புப் புகையும் கூடா. முதலில் ஒரு கண், அது ஆறிய பிறகு மற்றது.

ஆதார் அட்டை, குடும்ப அட்டை, பழைய மருந்துச் சீட்டுகளுடன் செல்லுங்கள்; சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை உண்டென்றால் அவற்றையும் காட்டுங்கள். விழித்திரையும் பார்வை நரம்பும் நன்றாக உள்ளனவா என்று மறவாமல் கேளுங்கள். அவை கெட்டிருந்தால், 40,000 ரூபாய் லென்ஸாலும் தெளிவான பார்வையைத் தர இயலாது.