வண்டிக்குள் பல்லி வந்துவிட்டால்

கேள்வி: அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காட்டில் உள்ள பள்ளிக்கு தினமும் நானே கார் ஓட்டிப் போகிறேன். ஒரு வாரமாக வண்டிக்குள் ஒரு பல்லி. திங்கட்கிழமை கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது ஸ்டியரிங் பக்கத்தில் ஓடியது, கை நடுங்கிவிட்டது. பூச்சி மருந்து அடித்துக் கதவைச் சாத்திவிடலாம் என்கிறார் என் கணவர். எனக்குக் கொல்ல மனமில்லை. என்ன செய்யலாம்? – ஓர் ஆசிரியை, சேலம்.

பதில்: முதலில் உங்கள் உயிரைப் பற்றிப் பேசுவோம் அம்மா. நம் வீட்டுப் பல்லிக்கு விஷம் கிடையாது. ஆபத்து அது ஓடுவதில் இல்லை, நாம் பதறி ஸ்டியரிங்கை விடுவதில்தான் இருக்கிறது. அந்தப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பல்லி கையிலேயே ஏறினாலும் கண் சாலையை விட்டு நகரக் கூடாது. வளைவை முடித்து, அகலமான இடம் வந்ததும் ஓரங்கட்டுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, இண்டிகேட்டர் நான்கையும் எரியவிட்டு, அப்புறம் இறங்குங்கள். கதவைத் திறந்து போட்டுவிட்டு அங்கேயே தேடவும் வேண்டாம். பல்லி போவதற்குள் குரங்கு ஏறிவிடும்.

மருந்து அடிக்கவே அடிக்காதீர்கள். கோரிமேட்டில் 30 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். 'ஏசி போட்டால் பிண நாற்றம்' என்று ஒரு வண்டி வந்தது. புளோயரைக் கழற்றினால் உள்ளே செத்துக் காய்ந்த பல்லி. மருந்து பட்டதும் அது வெளியே ஓடாது, இருட்டான இடுக்குக்குள்தான் போகும். அந்த வீட்டுக் குழந்தை அதே வண்டியில்தான் பத்து நாள் பள்ளிக்குப் போய் வந்திருக்கிறது. அன்றைக்கு எனக்கு மனசே சரியில்லை. பாச்சை உருண்டையும் வேண்டாம், மூடிய வண்டிக்குள் அதன் நெடி தலைவலியும் குமட்டலும் தரும். வெயிலில் பூட்டிப் போட்டால் ஓடிவிடும் என்பார்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் பூட்டிய கார் அடுப்பு மாதிரி. அங்கேயும் அது சாகத்தான் செய்யும்.

சரி, வெளியே எடுக்கும் வழிக்கு வருவோம். பல்லி இரவில் இரை தேடும் பிராணி, அதனால் பகலில் துரத்திப் பயனில்லை. இருட்டும் நேரத்தில் வண்டியைச் சுவரோரம் நிறுத்துங்கள். கால்மிதி, குடை, பிஸ்கட் பொட்டலம் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். உள் விளக்கை அணைத்துவிட்டு, சுவர்ப் பக்கத்துக் கதவுகளை மட்டும் திறந்து வையுங்கள். சுவரில் ஒரு பல்பு எரியட்டும். பூச்சி அங்கே கூடும், பூச்சியைத் தேடிப் பல்லி போகும். ஒரு மணி நேரம் யாரும் பக்கத்தில் போகாதீர்கள். முதல் நாளே போகும் என்று சொல்ல முடியாது, இரண்டு மூன்று நாள் பொறுமையாகச் செய்யுங்கள்.

அப்படியும் போகவில்லையா? முட்டை அட்டை ஒன்றைக் கவிழ்த்து சீட்டுக்கு அடியில் இரவு வைத்துவிடுங்கள். இடுக்கு கிடைத்தால் அதில் ஒதுங்கிக்கொள்ளும். விடியற்காலைக் குளிரில் அதற்கு வேகம் குறைவு. அட்டையோடு மெதுவாகத் தூக்கிப் போய் சுவரோரம் வைத்துவிடலாம். கண்ணாடியில் ஒட்டியிருந்தால் அகலமான பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, கீழே ஒரு அட்டையைச் செருகுங்கள். வாலை மட்டும் பிடிக்காதீர்கள், அறுத்துவிட்டு ஓடிவிடும். புது வால் முளைக்கும், ஆனால் உள்ளே எலும்பு இருக்காது, குருத்தெலும்புதான். வாலில் சேர்த்து வைத்த கொழுப்பும் போய்விடும். எச்சத்தில் கிருமி இருக்கும், கையைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். டேஷ்போர்டைக் கழற்றித் தேட வேண்டாம், உள்ளே ஏர்பேக் ஒயர் ஓடுகிறது.

வெயிலுக்காகக் கண்ணாடியை ஒரு விரல் இறக்கி வைக்கும் பழக்கம் நம்மூரில் எல்லோருக்கும் உண்டு. அந்த இடைவெளி பல்லிக்குப் போதும். இரவில் ஏற்றி விடுங்கள்.

போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள டேஷ்போர்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, காலையில் பாருங்கள். கறுப்பு எச்சத்தின் நுனியில் வெள்ளைப் புள்ளி இருந்தால் பல்லி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. முழுக்கக் கறுப்பாக இருந்தால் அது எலி. அப்படியென்றால் தாமதிக்காமல் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு போய்விடுங்கள், எலி ஒயரைக் கடிக்கும்.