லாக்டேட் கூடினால் பயப்பட வேண்டுமா? குறைந்தால்?

வேலூரில் உங்கள் இரண்டு வயது மகளுக்கு எடுத்த வளர்சிதை மாற்றப் பரிசோதனையில் லாக்டேட் (உடல் குளுக்கோஸை உடைக்கும்போது உண்டாகும் பொருள்) 3.1 வந்திருக்கிறது, என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரத்தம் எடுக்கும்போது பாப்பா அழுதாளா? முதலில் அதைத்தான் கேட்பேன். கைகால் உதறி அழுதாலும், கையில் பட்டையை இறுக்கி வெகுநேரம் விட்டாலும் எண் ஏறிவிடும். குழாயை ஐஸில் வைக்காமல் தாமதித்தாலும் அப்படித்தான். சிவப்பணுக்களில் மைட்டோகாண்ட்ரியா (ஆக்ஸிஜனைக் கொண்டு சக்தி தயாரிக்கும் செல்லின் நுண்ணுறுப்பு) கிடையாது; குழாய்க்குள்ளும் அவை குளுக்கோஸை லாக்டேட்டாக மாற்றிக்கொண்டே இருக்கும்.

பொதுவாக லிட்டருக்கு 2 மில்லிமோல் வரை இயல்பு. சோளிங்கர் மலையின் 1305 படிகளை மூச்சிரைக்க ஏறினால் பெரியவர்களுக்கே அது தாண்டும். உட்கார்ந்ததும் கல்லீரல் அதைத் திரும்பக் குளுக்கோஸாக்கிவிடும். ஓய்விலும் இறங்காமல் நின்றால்தான் கவலை. கடும் தொற்று, ஆக்ஸிஜன் குறைவு, கல்லீரல் கோளாறு, பிறவி மைட்டோகாண்ட்ரியா நோய் எதுவும் காரணமாகலாம். அதனால் குழந்தை அமைதியாக இருக்கும்போது மறுபடி எடுத்து, பைருவேட்டோடு (குளுக்கோஸ் லாக்டேட்டாவதற்கு முந்தைய படியில் உண்டாகும் பொருள்) ஒப்பிடச் சொல்லுங்கள்.

குறைவாக வந்தால்? பெரும்பாலும் அது நோயே அல்ல.

ஆனால் விடாத வாந்தி, வேகமான மூச்சு, எழுப்பியும் எழாத தூக்கம் இருந்தால் அடுத்த பரிசோதனைக்குக் காத்திருக்காதீர்கள். உடனே அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.