பொலிஸ் விட்டது, அப்புறம்?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. ஸ்கூலுக்குப் போகாமல் கூட்டாளிகளோடு செம்புக் கம்பி திருடிப் பிடிபட்டான். பொலிஸில் எச்சரித்து விட்டார்கள். இனி யாரிடம் போவது?
- ஒரு தாய், ஹட்டன்

பதில்: பயப்படாதீங்கம்மா. 12 வயதுக்குக் கீழே குற்றமே இல்லை. 12 முதல் 14 வரை பிள்ளையின் புரிதலை நீதவான் பார்ப்பார். தண்டனைச் சட்டக் கோவைக்கு 2018இல் வந்த திருத்தம் அது. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைப் பாருங்கள். அதிபர், நன்னடத்தை உத்தியோகத்தர், பொலிஸ் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைக்கச் சொல்லுங்கள்.

நான் நன்னடத்தை உத்தியோகத்தராக இருந்தபோது ஒரு தோட்ட லயத்துப் பையன் வந்தான். பொலிஸுக்கு அவன் திருடன்; ஸ்கூலுக்கோ அவன் வகுப்புக்கு வராதவன். எல்லோரும் ஒரே மேசையில் பிளேன்டீ குடித்தபோதுதான் தெரிந்தது, சப்பாத்துக் கிழிந்த நாளிலிருந்து வகுப்புக்குப் போகவில்லை என்று. எனக்கே வெட்கமாகப் போனது. அவசரமென்றால் 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள், தமிழிலும் பேசலாம்.